ஒரே பெயர், பல கப்பல்கள்: ‘சேலஞ்சர்’ கற்றுத் தரும் அளவீட்டுப் பாடம்

இந்த வாரக் கட்டுரையை என் சொந்தத் தவறிலிருந்து தொடங்குகிறேன்.

படிவம் 2 மாணவர்களுக்கு ஒலி அலைகள் பாடத்தை முடித்துவிட்டு ஒரு சிறு புதிர்ப்போட்டி நடத்தினேன். அதில் ஒரு கேள்வி: “மரியானா அகழியில் பிரிட்டிஷ் கடற்படையின் சேலஞ்சர் கப்பல் அளந்த ஆழம் எவ்வளவு?” நான் எதிர்பார்த்த விடை, ஏறத்தாழ 10,900 மீட்டர். ஒரு மாணவி 8,184 மீட்டர் என்று எழுதியிருந்தார். தவறு என்று சிவப்பு மையால் குறித்தேன்.

பாடவேளை முடிந்ததும் அந்த மாணவி மேசைக்கு வந்தார். “டீச்சர், நான் நூலகப் புத்தகத்தில் படித்தேன். சேலஞ்சர் அளந்தது 8,184 மீட்டர்தான்,” என்றார். “எதிரொலியைக் கொண்டு அளந்ததல்லவா? பாடத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள்,” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியால் அவருடைய குழு இரண்டாம் இடத்துக்குப் போனது.

அன்று இரவு மனம் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். மாணவி சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. தவறாக இருந்தது என் கேள்வி. 1875இல் ஒரு சேலஞ்சர் 8,184 மீட்டர் அளந்தது. 1951இல் இன்னொரு சேலஞ்சர் ஏறத்தாழ 10,900 மீட்டர் அளந்தது. இரண்டும் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள். இரண்டும் ஒரே அகழியை அளந்தவை. பெயரும் ஒன்றே. ஆனால் கப்பல் வேறு, கருவி வேறு, காலம் வேறு.

ஒரே பெயர் எப்படி இத்தனை கப்பல்களுக்கு வந்தது? இரண்டு எண்களில் எது உண்மை? இந்த இரு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

பேரனுக்குத் தாத்தாவின் பெயர்

நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது உண்டு. பிரிட்டிஷ் கடற்படையிலும் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு கப்பல் மூழ்கினாலும், விற்கப்பட்டாலும், உடைக்கப்பட்டாலும் அதன் பெயர் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பிற்காலத்தில் கட்டப்படும் புதிய கப்பலுக்கு அதே பெயர் வழங்கப்படுகிறது. பழைய கப்பல் போரில் பெற்ற சிறப்புகளும் பெயரோடு சேர்ந்து புதிய கப்பலுக்கு வருகின்றன. அதாவது அந்தச் சிறப்புகள் மரத்துக்கும் இரும்புக்கும் உரியவை அல்ல, பெயருக்கு உரியவை. பெயருக்கு முன்னால் வரும் ‘எச்.எம்.எஸ்.’ என்பது மன்னரின் அல்லது அரசியாரின் கப்பல் என்பதைக் குறிக்கும்.

சேலஞ்சர் என்றால் அறைகூவல் விடுப்பவர் என்று பொருள். இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல கப்பல்களுக்கு வைக்கப்பட்டுள்ளது. 1806இல் நீரில் இறக்கப்பட்ட சிறிய பாய்க்கப்பல் ஒன்று 1811இல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. 1813இல் இன்னொன்று வந்தது. 1826இல் வந்த சேலஞ்சர் 28 பீரங்கிகளைக் கொண்டது. அதன் முடிவில் ஓர் அறிவியல் செய்தி மறைந்திருக்கிறது.

1835 பிப்ரவரி 20ஆம் நாள் சிலி நாட்டின் கொன்செப்சியோன் பகுதியைக் கடும் நிலநடுக்கம் உலுக்கியது. ‘பீகிள்’ கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்த சார்ல்ஸ் டார்வின் அப்போது வால்டிவியா நகருக்கு அருகே கரையில் இருந்தார். அந்த அதிர்வை அவரே உணர்ந்தார். மூன்று மாதங்கள் கழித்து, மே மாதத்தில், சேலஞ்சர் அதே சிலிக் கரையோரம் தரைதட்டி உடைந்தது. கரையேறிய மாலுமிகளை மீட்கும் பணியில் பீகிளின் தளபதி ஃபிட்ஸ்ராய் நேரடியாக ஈடுபட்டார். நிலநடுக்கத்தால் அப்பகுதியின் கடல் நீரோட்டங்கள் மாறிவிட்டதே விபத்துக்குக் காரணம் என்று கருதப்பட்டது. கடலடியை அறியாமல் கடலில் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்தக் கப்பல் ஒரு சான்று. அதே பெயரைப் பெற்ற அடுத்த கப்பல்தான் கடலடியை அறிவதற்காகவே புறப்பட்டது.

பீரங்கியை இறக்கி, ஆய்வுக்கூடத்தை ஏற்றினார்கள்

1858இல் நீரில் இறக்கப்பட்ட சேலஞ்சர், பாய்களோடு நீராவி இயந்திரமும் பொருத்தப்பட்ட மரக்கப்பல். நீளம் ஏறத்தாழ 61 மீட்டர். அதைக் கடல் ஆய்வுக்கு அனுப்ப முடிவானபோது இரண்டைத் தவிர மற்ற பீரங்கிகள் எல்லாம் அகற்றப்பட்டன. அந்த இடத்தில் உயிரியல் ஆய்வறை, வேதியியல் ஆய்வறை, மாதிரிகளைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகள், நீண்ட கயிறுகள் ஆகியவை ஏறின.

1872 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து புறப்பட்டது. அறிவியல் குழுவின் தலைவர் வைவில் தாம்சன். அவருடன் ஜான் மரே, ஹென்றி மோஸ்லி, ஜான் புக்கானன், ஜெர்மானியரான ருடோல்ஃப் ஃபோன் வில்லமோஸ்-சூம் ஆகிய அறிஞர்களும், ஓவியர் ஜான் ஜேம்ஸ் வைல்டும் சென்றனர். வில்லமோஸ்-சூம் 1875இல் பயணத்தின் நடுவிலேயே நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூடத் தொடவில்லை.

1876 மே 24ஆம் நாள் கப்பல் திரும்பியபோது ஏறத்தாழ 1,27,600 கிலோமீட்டர் கடந்திருந்தது. பூமியை நிலநடுக்கோட்டில் மூன்று முறை சுற்றுவதற்குச் சமமான தூரம் அது. 362 இடங்களில் நின்று ஆழம், வெப்பநிலை, நீர், மண், உயிரினம் என்று மாதிரிகளும் அளவுகளும் எடுத்தார்கள். அதுவரை அறிவியல் அறியாத ஏறத்தாழ 4,700 உயிரினங்கள் கண்டறியப்பட்டன. கடலில் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே உயிரே இல்லை என்று முன்பு ஒரு கருத்து நிலவியது. வலையில் ஏறி வந்த உயிரினங்களே அதற்கு மறுப்பாக அமைந்தன. அறிக்கை 50 தொகுதிகளாக வெளிவந்து முடிவதற்கு 1895ஆம் ஆண்டு ஆயிற்று.

கயிறு கட்டி ஆழம் பார்ப்பது எப்படி?

எதிரொலிக் கருவி இல்லாத காலம் அது. எடை கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, எவ்வளவு கயிறு போயிற்று என்று பார்ப்பதே வழி. கைகளை இரு பக்கமும் விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை உள்ள நீளத்தைத் தமிழ் மீனவர்கள் ‘பாகம்’ என்பார்கள். ஆங்கிலக் கடலோடிகளின் அளவும் இதே கணக்குதான். ஒரு பாகம் என்பது 6 அடி, அதாவது 1.8288 மீட்டர். கயிற்றில் ஒவ்வொரு 25 பாகத்துக்கும் ஓர் அடையாளம் இருந்தது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாறு கிலோமீட்டர் நீளக் கயிறு தானே பெரும் எடை உடையது. எடைக்கல் அடியைத் தொட்ட பிறகும் கயிறு தன் எடையால் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியானால் அடி வந்துவிட்டது என்று மேலே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் கண்ட வழி, நேரத்தைக் குறித்துக்கொள்வது. ஒவ்வொரு 100 பாகம் கயிறு இறங்குவதற்கும் எத்தனை நொடி ஆகிறது என்று எழுதினார்கள். ஆழம் கூடக்கூட நீரின் உராய்வால் கயிறு சிறிது சிறிதாக மெதுவாகும். எடைக்கல் அடியைத் தொட்டதும் அந்த இழுவிசை நின்றுவிடும். அப்போது நேர இடைவெளி திடீரென்று கூடும். அந்தத் திடீர் மாற்றமே அடி வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். நேரத்தையும் தூரத்தையும் வரைபடமாக வரைந்தால், கோட்டின் சரிவு எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே அடி இருக்கிறது. நீங்கள் வகுப்பில் வரையும் தூர-நேர வரைபடத்தை ஒரு கடலளவு பெரிதாக்கிப் பாருங்கள். எடைகள் அடியில் கழன்று அங்கேயே தங்கிவிடும்படியும், ஒரு குழாயில் கடலடி மண் சிறிது சிக்கும்படியும் கருவி அமைக்கப்பட்டிருந்தது. மண் வந்தால் அடியைத் தொட்டது உறுதி.

1875 மார்ச் 23

சேலஞ்சர் அன்று மேற்குப் பசிபிக்கில், குவாம் தீவுக்குத் தென்மேற்கே இருந்தது. 225ஆம் நிலையம். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. கிடைத்த எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உடனே பெருமை கொண்டாடவில்லை. மறுபடியும் அளந்தார்கள். இரண்டாம் முறை கிடைத்த 4,475 பாகம் என்ற அளவையே பதிவு செய்தார்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்: 4,475 × 1.8288 = 8,184 மீட்டர். என் மாணவி எழுதிய எண் இதுதான்.

கயிற்றோடு இறக்கப்பட்ட வெப்பமானிகளில் சில நீரழுத்தம் தாங்காமல் நொறுங்கின. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அப்படியானால் அங்கே அழுத்தம் 800 வளிமண்டலத்துக்கும் மேல். கண்ணாடி நொறுங்கியதில் வியப்பில்லை.

76 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பெயர்

1858இன் சேலஞ்சர் 1921இல் உடைக்கப்பட்டது. அதன் முகப்புச் சிலை மட்டும் இன்று சவுத்ஹாம்ப்டனில் உள்ள தேசியக் கடலியல் மையத்தில் இருக்கிறது. இடையில் 1902இல் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்று அதே பெயரைத் தாங்கியது. பிறகு 1931இல் கடல் அளவைக்கென்றே ஒரு சேலஞ்சர் நீரில் இறங்கியது. இது எஃகுக் கப்பல். பாய்மரம் கிடையாது. எதிரொலிக் கருவி உண்டு.

இந்தக் கப்பல் 1950 முதல் 1952 வரை உலகைச் சுற்றிக் கடலடியை ஆராய்ந்தது. 1951இல் மரியானா அகழிக்கு மேல் வந்தபோது கருவியின் வழக்கமான அளவுக்கோலை மீறிய ஆழம் தெரிந்தது. அதனால் ஆய்வாளர்கள் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு எதிரொலிக்காகக் காத்திருந்தார்கள். ஒலி கீழே போய்த் திரும்பும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் அளந்தார்கள்.

இனி நம் பாடநூல் வாய்பாடு வருகிறது.

ஆழம் = (ஒலியின் வேகம் × நேரம்) ÷ 2

ஒலி கீழே போய், மேலே திரும்பி வருவதால் இரண்டால் வகுக்கிறோம். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆழம் 10,900 மீட்டர் என்றால் ஒலி போய்வரும் தூரம் 21,800 மீட்டர். 21,800 ÷ 1,500 = 14.5 நொடி. ஒரு சிறிய ஒலி, பதினான்கரை நொடி கழித்துத் திரும்பி வந்து காதில் கேட்கிறது. அந்த அமைதியான பதினான்கரை நொடியைக் கண்ணை மூடி எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நீளம் என்று புரியும்.

சரி, நிறுத்துகடிகாரத்தை அழுத்துவதில் கை 0.1 நொடி தாமதித்தால் என்ன ஆகும்? 1,500 × 0.1 ÷ 2 = 75 மீட்டர். கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரத்தில் ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தின் அளவுக்குப் பிழை வந்துவிடும். ஒலியின் வேகமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். வேகத்தை நொடிக்கு 20 மீட்டர் தவறாக எடுத்துக்கொண்டால் 20 × 14.5 ÷ 2 = 145 மீட்டர் பிழை. அதனால்தான் அந்த அளவு பின்னர் திருத்தப்பட்டது. இன்றைய பல்கற்றை எதிரொலிக் கருவிகள் 10,920 முதல் 10,935 மீட்டர் வரை காட்டுகின்றன. கையில் கடிகாரத்தோடு நின்றவர்கள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்கள் பாருங்கள்!

அந்த மிக ஆழமான பள்ளத்துக்கு ‘சேலஞ்சர் ஆழம்’ என்று பெயர். கப்பல்களின் பெயர் கடலடிக்கும் போய்ச் சேர்ந்தது. 1960 ஜனவரி 23ஆம் நாள் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ‘டிரியஸ்ட்’ என்ற ஆழ்கடல் கலத்தில் அங்கே இறங்கினார்கள்.

அப்படியானால் பழைய அளவு தவறா?

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 8,184 சிறியது, 10,900 பெரியது. ஆகவே பழைய கப்பலின் கயிறு போதவில்லை, அல்லது அவர்கள் தவறாக அளந்தார்கள் என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லை.

மரியானா அகழி நீண்டது, ஆனால் ஒடுங்கியது. சேலஞ்சர் ஆழம் அதற்குள் இருக்கும் ஒரு சிறு பள்ளம். 1875இல் கயிறு இறங்கியது அகழிப் பகுதியில் வேறோர் இடத்தில். ஒரு கால்வாய்க்குள் இருட்டில் ஒரே ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பதுபோல. குச்சி விழுந்த இடத்தின் ஆழம் சரியாகத் தெரியும். கால்வாயின் மிக ஆழமான இடம் அது என்று சொல்ல முடியாது. ஒரு முறை கயிறு இறக்கினால் ஒரு புள்ளிதான் கிடைக்கும். அதற்கே மணிக்கணக்கில் ஆகும். எதிரொலிக் கருவியோ கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்துகொண்டு போகும். ஆகவே 1951இல் தேடிப் பிடிக்க முடிந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எங்கே தேட வேண்டும் என்று பிற்காலத்தாருக்குக் காட்டியது 1875இன் எண்தான். அந்தக் கடற்பகுதியில் அசாதாரணமான ஆழம் இருக்கிறது என்ற செய்தி பதிவேட்டில் இருந்தது. பேரனுக்குத் தாத்தா பெயரை மட்டும் கொடுக்கவில்லை. வழியையும் காட்டிவிட்டுப் போனார்.

150 ஆண்டுக்குப் பிறகும் பேசும் வெப்பமானி

சேலஞ்சரின் பழைய ஏடுகளால் இன்று என்ன பயன் என்று கேட்கலாம். இன்றைய பெரிய கேள்வி, கடல் சூடாகிறதா, எவ்வளவு சூடாகிறது என்பது. இதற்கு விடை சொல்லப் பழைய அளவு ஒன்று வேண்டும். உங்கள் உடல் வெப்பம் கூடியிருக்கிறதா என்று சொல்ல, இயல்பான வெப்பம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதுபோல.

சேலஞ்சர் குழு 260க்கும் மேற்பட்ட இடங்களில் வெவ்வேறு ஆழங்களின் வெப்பநிலையைப் பதிவு செய்தது. இன்று ‘ஆர்கோ’ என்ற திட்டத்தின் ஆயிரக்கணக்கான தானியங்கி மிதவைகள் உலகப் பெருங்கடல்களில் இறங்கி ஏறி வெப்பநிலையை அளக்கின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. கடல் மேற்பரப்பில் சராசரியாக 0.59 பாகை செல்சியஸ், மேல் 700 மீட்டர் நீரில் சராசரியாக 0.33 பாகை செல்சியஸ் வெப்பம் கூடியிருந்தது.

0.33 பாகையா, இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். ஒரு கெண்டி நீரைச் சூடாக்கவே எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று நீங்கள் வெப்பம் பாடத்தில் கணக்கிட்டிருப்பீர்கள். இங்கே சூடாகியிருப்பது பெருங்கடல்.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கை தூக்குவார்: “பழைய வெப்பமானியை நம்பலாமா?” நல்ல கேள்வி. பிழை எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்போம். காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளும்போது கயிறு செங்குத்தாக இறங்காது, சாய்ந்து நிற்கும். ஏட்டில் 500 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் வெப்பமானி உண்மையில் அதைவிட மேலே இருந்திருக்கும். பெரும்பாலான கடல்களில் மேலே போகப்போக நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே அந்த ஆழத்துக்குரிய உண்மையான வெப்பத்தைவிடக் கூடுதலாகவே பழைய ஏட்டில் பதிவாகியிருக்கும். பழைய அளவு கூடுதல் என்றால் இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள வேறுபாடு குறைத்துக் காட்டப்படுகிறது. அப்படியானால் உண்மையில் கூடிய வெப்பம் இந்த எண்ணைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டிலும் அதிகமாக இருக்கவே வாய்ப்பு. பிழை இருக்கிறது என்பதாலேயே அளவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிழை எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

மாதிரிகளும் அப்படியே. சேலஞ்சர் சேகரித்த நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளை, அண்மைக் காலத்தில் எடுத்த அதே வகை ஓடுகளோடு ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்றைய ஓடுகள் மெலிந்திருந்தன. ஒரு வகையில் 76 விழுக்காடு வரை மெலிவு. காற்றில் கூடும் கரியமில வாயு கடலில் கரைந்து நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு அது சிரமம். 1870களில் ஒருவர் குடுவையில் போட்டு, இடம், நாள், ஆழம் எழுதிய சீட்டை ஒட்டி வைக்காமல் இருந்திருந்தால் இந்த ஒப்பீடு நடந்திருக்காது.

வானத்துக்கும் போன பெயர்

சேலஞ்சர் என்ற பெயர் கடலோடு நிற்கவில்லை. 1968 முதல் 1983 வரை கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுக் கப்பலின் பெயர் ‘குளோமார் சேலஞ்சர்’. கடலடி விரிந்துகொண்டே போகிறது என்ற கருத்துக்கு அது எடுத்த பாறை மாதிரிகள் வலுவான சான்றாயின. 1972 டிசம்பரில், பழைய சேலஞ்சர் புறப்பட்டுச் சரியாக நூறாண்டு ஆன மாதத்தில், நிலவில் இறங்கிய அப்பல்லோ 17 தரையிறங்கு கலத்தின் பெயரும் சேலஞ்சர். அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்றுக்கும் அந்த ஆய்வுக் கப்பலை நினைவுகூர்ந்து இப்பெயர் சூட்டப்பட்டது. 1986 ஜனவரி 28ஆம் நாள் அது புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ஒரு பள்ளி ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். கடும் குளிரில் உந்துகணையின் ரப்பர் வளையங்கள் இறுகி, சூடான வாயு கசிந்ததே காரணம். குளிரில் அந்த வளையங்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்ற எச்சரிக்கையைப் பொறியாளர்கள் முந்தைய இரவே சொல்லியிருந்தார்கள். கேட்கப்படவில்லை.

225ஆம் நிலையத்தில் நம்ப முடியாத எண் வந்தபோது மறுபடியும் அளந்து பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கொடுப்பது எளிது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த பொறுமையையும் ஐயத்தையும் ஒவ்வொரு தலைமுறையும் தானே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் கடற்படையில் 1981இல் நீரில் இறக்கப்பட்ட இன்னொரு சேலஞ்சரும் இருந்தது. ஆழ்கடல் முக்குளிப்புப் பணிக்கான கப்பல் அது. பிறகு விற்கப்பட்டு, நமீபியக் கடலில் வைரம் எடுக்கும் கப்பலாக மாற்றப்பட்டது. அப்போது அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். கப்பல் போனது, பெயர் கடற்படையிடம் தங்கிவிட்டது.

செய்து பாருங்கள்

ஒரு மெல்லிய நூலின் நுனியில் ஒரு சிறிய இரும்பு நட்டைக் கட்டுங்கள். நூலில் ஒவ்வொரு 5 செண்டிமீட்டருக்கும் பேனாவால் அடையாளம் இடுங்கள். ஒரு வாளியில் நீர் நிரப்பி, கண்ணை மூடிக்கொண்டு நூலை இறக்குங்கள். நட்டு அடியைத் தொட்டதை விரல் உணர்கிறதா? ஆழத்தை எழுதுங்கள். இப்போது நண்பரை ஒரு கரண்டியால் நீரைச் சுழற்றிவிடச் சொல்லி மறுபடியும் அளவெடுங்கள். நூல் சாயும். அளவு கூடுகிறதா, குறைகிறதா? மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். உங்கள் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

சிந்திக்க: கடல்நீரில் அனுப்பிய ஒலி 4 நொடியில் திரும்பினால் ஆழம் என்ன? நேரத்தில் 0.1 நொடி பிழை இருந்தால் ஆழத்தில் எத்தனை விழுக்காடு பிழை?

முடிவாக

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் விடையை எல்லார் முன்னிலையிலும் சரி என்று திருத்தி மதிப்பெண் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவருடைய குழு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. “இரண்டு சேலஞ்சர் இருந்தது எனக்கும் தெரியாது டீச்சர். நான் ஒன்றைத்தான் படித்தேன்,” என்றார் அவர் சிரித்தபடி. நானும் ஒன்றைத்தான் படித்திருந்தேன்.

இப்போது என் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இப்படி இருக்கிறது: “1951இல் சேலஞ்சர் கப்பல் எதிரொலி முறையில் அளந்த ஆழம் எவ்வளவு?” ஆண்டும் முறையும் சேர்ந்துவிட்டன. அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் குறைப்பதுண்டு. யார், எப்போது, எங்கே, எதைக் கொண்டு அளந்தார் என்று சொல்லாத எண்ணும் அலகில்லாத விடையைப் போன்றதுதான். அறிவியல் அறிக்கை எழுதும்போது நீங்களும் இந்த நான்கையும் குறித்து வையுங்கள். அடுத்த நூறாண்டில் யாரோ ஒருவருக்கு அது தேவைப்படும்.